பாமிர் சாலையும் நான்கு சக்கர வீரர்களும்

பாமிர் நெடுஞ்சாலை என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். வரிசையாக வீடியோக்கள் வந்து விழும். ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை, அவ்வளவு ஒற்றுமை. மொட்டை மலை. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு சாலை. கீழே புழுதி கிளப்பிக்கொண்டு மூன்று நான்கு பெரிய வண்டிகள். வண்டியின் தலையில் கூடாரம், பக்கத்தில் ஏணி, பின்னால் டீசல் கேன்கள். கடைசியில் கணவாயின் உச்சியில் கைகளைத் தூக்கி ஒரு படம். "வென்றுவிட்டோம்!"

எதை வென்றார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் அதே வீடியோக்களில் சில நேரம் ஓரமாக ஒரு பழைய பஜெரோ போகும். கூரை நிறைய மூட்டை, உள்ளே இடமில்லாமல் ஆட்கள். அந்த ஓட்டுநர் அதே கணவாயை நேற்றும் தாண்டினார், அடுத்த வாரமும் தாண்டுவார். அவர் யாரையும் வென்றதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

என் கட்சி இதுதான்: பாமிர் போன்ற சாலைகளுக்குப் போக ஆசைப்படுபவர்கள் சொந்த வண்டிகளை அணிவகுத்துக் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பஜெரோவில் ஏறிக்கொள்ளுங்கள். பயணம் நன்றாக இருக்கும், உயிருக்கும் பாதுகாப்பு, அங்கே இருப்பவர்களுக்கும் பிரயோஜனம். நான் அங்கே போனதில்லை. படித்தும் பார்த்தும் வந்த கருத்துதான். ஏன் என்று சொல்கிறேன், பிறகு திட்டுங்கள் :-)

முதலில் சாலையைப் பற்றி

தாஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பேயிலிருந்து கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் வரை, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதிகாரப்பூர்வப் பெயர் எம்41. ஓஷிலிருந்து கோரோக் வரையிலான பகுதியை சோவியத் அரசு 1931-க்கும் 1934-க்கும் இடையில் போட்டது. கோரோக்கையும் துஷான்பேயையும் இணைக்கும் பகுதி 1940-ல் முடிந்தது. நடுவில் அக்பைதால் கணவாய், 4,655 மீட்டர். ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டாவில் நின்று எவ்வளவு உயரம் என்று வியந்திருப்பீர்கள். அது 2,637 மீட்டர். அதற்கு மேல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் நிமிர்த்தி வைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சாலை போகிற மாகாணம் கோர்னோ படக்ஷான். தாஜிகிஸ்தானின் பரப்பில் கிட்டத்தட்ட 45 சதவீதம் இதுதான். ஆனால் மக்கள் தொகையில் சுமார் 3 சதவீதம் மட்டும். மேற்குப் பகுதியில் ஆழமான பள்ளத்தாக்குகள், ஓரமாகப் பாஞ்ச் நதி, நதிக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். கிழக்கே முர்காப் பக்கம் போனால் மரமே கிடையாது. 3,600 மீட்டருக்கு மேல் ஒரு குளிர்ப் பாலைவனம். மேற்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஷுக்னி, வாக்கி போன்ற மொழிகள் பேசும் இஸ்மாயிலி முஸ்லிம்கள். கிழக்கில் ஆடும் யாக் எருமையும் மேய்க்கும் கிர்கிஸ் மக்கள்.

அதாவது "ஆளில்லாத பூமி" என்று வீடியோக்காரர்கள் சொல்வது பொய். ஆள் குறைவு, அவ்வளவே. இருக்கிற ஆட்களுக்கு இந்தச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது.

காரைச் சுமந்தவர்கள்

மலையைக் கார் வென்ற கதைகளில் ரொம்பப் புகழ்பெற்ற ஒன்று 1931-ல் நடந்தது. பிரான்சின் சிட்ரோயன் கம்பெனி, தன் வண்டிகளின் பெருமையை உலகுக்குக் காட்ட பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் வரை ஒரு பயணம் ஏற்பாடு செய்தது. தலைவர் ஜார்ஜ் மரி ஹார்ட். பின்பக்கம் சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டை ஓடும் வண்டிகள். இமயமலையைத் தாண்ட வேண்டிய குழு ஸ்ரீநகரிலிருந்து கில்கித்துக்குக் கிளம்பியது.

பாதை இல்லாத இடங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டியைக் கழற்றினார்கள். துண்டு துண்டாகப் பிரித்து உள்ளூர்க் கூலிகளின் முதுகில் ஏற்றினார்கள். அந்தப் பக்கம் போனதும் திரும்பப் பூட்டினார்கள். இத்தனைக்கும் பிறகு கில்கித்தோடு வண்டிகளுக்கு முற்றுப்புள்ளி. மேற்கொண்டு பயணம் மிருகங்களின் மேலும் கால்நடையாகவும்தான்.

இமயமலையைக் கார் தாண்டியது என்று எழுதினார்கள். மனிதன் காரைத் தூக்கிக்கொண்டு தாண்டினான் என்பதுதான் நடந்தது. தலைவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. வண்டிகளுக்குக்கூட 'தங்க வண்டு', 'வெள்ளிப் பிறை' என்று பெயர்கள் இருந்தன, அவையும் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் எங்கே?

இன்று முதுகில் சுமப்பது இல்லை, நியாயம்தான். ஆனால் சாலை தானாக முளைத்ததா? பக்கத்திலேயே இருக்கும் காரகோரம் நெடுஞ்சாலையைக் கட்டும்போது சுமார் 800 பாகிஸ்தானியரும் 200 சீனரும் இறந்தார்கள். 2010 ஜனவரியில் அத்தாபாத் என்ற இடத்தில் மலை சரிந்து ஹுன்சா நதியை அடைத்து, சாலை ஏரிக்குள் போய்விட்டது. 2015-ல் சுரங்கப் பாதைகள் திறக்கும் வரை ஐந்து வருடம் கார், சரக்கு எல்லாம் படகில் ஏறித்தான் அக்கரை போயின.

பாமிரிலும் இதே கதைதான். 2015 ஜூலையில் கோரோக்குக்குப் பக்கத்தில் பார்செம் கிராமத்தின் மேல் சேறும் பாறையும் இறங்கி, குந்த் நதியை மறித்து, நெடுஞ்சாலையைத் துண்டித்தது. நதி அங்கே ஏரியாகிவிட்டது. புதிதாக வழி வெட்டித்தான் போக்குவரத்து தொடர்ந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த மலைகளில் எங்கேயாவது இப்படிச் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. யாரோ ஒருவர் புல்டோசரோடு வந்து தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார். நம் வீரர்கள் ஜூலை மாதம் "கரடுமுரடான சாலை" என்று வீடியோ எடுப்பது அவர் தள்ளி முடித்த சாலையைத்தான்.

ரேஷன் வந்த வழி

சோவியத் காலத்தில் முர்காப் போன்ற ஊர்களுக்கு மாஸ்கோவின் நேரடிக் கவனிப்பு இருந்தது. எல்லைப் பகுதி அல்லவா? மாவு, நிலக்கரி, டீசல் எல்லாம் ஓஷிலிருந்து லாரியில் வரும். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அந்த லாரிகள் நின்றுபோயின. அடுத்த வருடமே தாஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் ஆரம்பித்தது. 1997 வரை நடந்தது. துஷான்பே பக்க வழி அடைபட்டது. போருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் வேறு மலைக்குள் வந்து சேர்ந்தார்கள். விளைநிலம் கையளவு, வாய்களோ கூடிப்போயின.

1993-லிருந்து ஆகா கான் அறக்கட்டளையின் உணவு லாரிகள் ஓஷிலிருந்து இதே அக்பைதால் வழியாகக் கோரோக்குக்கு வந்தன. குளிர்காலத்திலும் வந்தன. அந்த மக்கள் பட்டினியிலிருந்து தப்பித்ததற்கு இந்தச் சாலைதான் காரணம்.

கரி வராத முர்காபில் அடுப்பெரிக்க என்ன செய்தார்கள்? டெரெஸ்கென் என்று ஒரு குத்துச்செடி. அந்தப் பாலைவனத்தில் தாக்குப்பிடிக்கிற சொற்பமான செடிகளில் ஒன்று, ஆட்டுக்கும் யாக்குக்கும் தீனி. அதை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். வேறு வழி இல்லை. அந்தச் செடி மறுபடி வளர எத்தனையோ வருடம் ஆகும். இன்றைக்கு முர்காபைச் சுற்றிப் பல மைல் தூரம் மொட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சாலையை விட்டு இறங்கி வெற்று நிலத்தில் வட்டமடித்துப் புழுதி கிளப்பும் காட்சியைப் பாருங்கள். நிலம் வெறுமையாக இருப்பதால் ஒன்றும் கெடாது என்று நினைத்துவிடுகிறோம். வெறுமையாக இருப்பதால்தான் கெடும். மழை இல்லாத, செடி எழும்பாத மண்ணில் டயர் தடம் வருடக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

உயரம் என்ன செய்யும்?

இனி நம் உயிர்ப் பிரச்சினை. அக்பைதாலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 57 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழந்துவிடும். தண்ணீர் 85 டிகிரிக்கே கொதித்துவிடும், அரிசி வேகாது. எஞ்சினுக்கே இந்த நிலைமை என்றால் நம் நுரையீரலுக்கு?

மலை மருத்துவத்தில் எளிய விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வெடு. இப்போது ஓஷிலிருந்து கிளம்பும் ஒருவரைப் பாருங்கள். ஓஷ் சுமார் 1,000 மீட்டர். முதல் நாளே சாரிதாஷ், சுமார் 3,200 மீட்டர். மறுநாள் 4,280 மீட்டர் கிசில் ஆர்ட் கணவாயைத் தாண்டிக் கராகுல் ஏரிக்கரை, அது 3,900 மீட்டர். விதி இரண்டாம் நாளிலேயே காற்றில் பறந்துவிட்டது.

கராகுல் அழகான இடம். ஆதிகாலத்தில் விண்கல் விழுந்த பள்ளத்தில் உண்டான ஏரி. ஆனால் அங்கே ராத்திரி தலைவலியும் வாந்தியும் முற்றி, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டால் உடனே கீழே இறக்க வேண்டும். எங்கே இறக்குவது? வடக்கே போனால் 4,280 மீட்டர் கணவாய். தெற்கே போனால் 4,655 மீட்டர் கணவாய். இறங்குவதற்கு முன்னால் ஏறியாக வேண்டும்! இந்த ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பார்த்தால் போதும், அவசரம் தானாக அடங்கும்.

துஷான்பே பக்கத்திலிருந்து வந்தால் கோரோக்கில் இரண்டு நாள் தங்கலாம். அது சுமார் 2,100 மீட்டர், ஊட்டியை விடச் சற்றுத் தாழ்வு. பிறகு வாக்கான் பள்ளத்தாக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம். உடம்பு பழகும்.

இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது, சரி. ஆனால் புத்தகத்தில் இல்லாதவை உள்ளூர் ஓட்டுநரிடம்தான் இருக்கின்றன. பனி உருகி வரும் ஓடையைக் காலையிலேயே தாண்டிவிட வேண்டும், வெயில் ஏறினால் மதியத்துக்கு மேல் தண்ணீர் பெருகிவிடும். எந்த ஊரில் வாளியும் புனலுமாக ஊற்றும் பெட்ரோலை நம்பலாம், எங்கே கூடாது. பாஞ்ச் நதிக்கரையில் எந்த இடத்தில் காலே வைக்கக் கூடாது, ஏனென்றால் தொண்ணூறுகளில் புதைத்த கண்ணிவெடிகள் அந்த எல்லையில் இன்னும் மிச்சமிருக்கின்றன. அழகான ஆற்றங்கரை கண்டால் கூடாரம் அடிக்கத் தோன்றும். ஜிபிஎஸ் தடுக்காது. ஓட்டுநர் தடுப்பார்.

"அப்போ ஓட்டுகிற சந்தோஷம்?"

இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். நியாயமான கேள்வி. வண்டி ஓட்டுவது வெறும் இடப்பெயர்ச்சி அல்ல, அது ஒரு கலை. நம்மை மாதிரி மாணவர்களுக்கு ரொம்பப் பிடித்த உதாரணமும் இருக்கிறது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். குழுவில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. உள்ளூர் வாடகைக் காரில் போயிருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்குமா?

வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அவர்கள் பர்மாவுக்குள் நுழைந்த லெடோ சாலையை 1942-லிருந்து 1945 வரை காட்டை வெட்டிப் போட்டவர்கள் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களும் ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தொழிலாளர்களும். ஆக, "முதன்முதலில்" போனவர்களுக்கும் முன்னால் மண்வெட்டியோடு ஒருவர் போயிருக்கிறார். இரண்டு, அவர்கள் ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்கள். வழியெல்லாம் ஆட்களைப் பார்த்து, கேட்டு, உதவி வாங்கிப் போனார்கள்.

அப்படிப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஊரிலிருந்தே வண்டியைக் கிளப்பி, நாடு நாடாக மெதுவாகப் போகிறவர்கள், சைக்கிளில் மூச்சு வாங்க ஏறுகிறவர்கள், இவர்களுக்கு என் சல்யூட். நான் சொல்வது இரண்டு வார லீவில் வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கி, அரிசி முதல் தண்ணீர் பாட்டில் வரை எல்லாவற்றையும் சுமந்து, வண்டிக் கூரையிலேயே படுத்து, டீசலைத் தவிர எதையும் வாங்காமல் போகும் அணிவகுப்பைப் பற்றி. அவர்கள் விட்டுப்போவது புழுதியும் தடமும்தான். யாரையும் நம்பத் தேவையில்லாத அளவுக்கு வண்டியைத் தயார் செய்துவிட்டால், யாரையும் சந்திக்கவும் தேவையில்லாமல் போய்விடுகிறது. அதற்கு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்?

கிராமத்து வீட்டில் தங்கினால் என்ன கிடைக்கும்? பாமிரி வீட்டில் ஐந்து தூண்கள். நடுவில் கூரையில் சதுரத்துக்குள் சதுரமாக நான்கு அடுக்கு வைத்த வெளிச்சத் திறப்பு. காலையில் ஷிர்சாய், அதாவது பாலும் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர், அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த வீட்டுக்கே போகும். ஓட்டுநருக்குக் கொடுப்பது அவர் குடும்பத்துக்குப் போகும். நான்கு பேர் சேர்ந்தால் வாடகை பகிர்ந்துகொள்ளலாம். அதுவும் முடியாதென்றால் ஆள் நிரம்பியதும் கிளம்பும் ஷேர் டாக்சி இருக்கிறது.

வண்டி திரும்பிவிடும், அவர்கள் இருப்பார்கள்

கடைசியாக ஒன்று. 2022 மே மாதம் கோரோக்கிலும் ருஷானிலும் நடந்த அரசு நடவடிக்கையில் பலர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். கிர்கிஸ்தான் பக்கத்து எல்லையிலும் 2021-லும் 2022-லும் மோதல். எல்லை மூடப்பட்டது. 2025 மார்ச்சில்தான் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கொரோனாவில் விழுந்த வருமானம் எழுவதற்குள் இது. பயணிகளை நம்பி அறை கட்டியவர்கள், கடன் வாங்கி வண்டி வாங்கியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

ஆகவே போகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. கேமராவை நீட்டி "உங்கள் அரசாங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று அந்த ஓட்டுநரைக் கேட்காதீர்கள். நமக்கு அது ஒரு வீடியோ. அவருக்கு அது ஒரு விசாரணை ஆகலாம். நம் வண்டி திரும்பிவிடும். அவர் அங்கேயே இருப்பார்.

சாலையைப் படம் எடுங்கள், மலையை எடுங்கள். அவர் சொல்வதைக் காதால் மட்டும் கேளுங்கள். கணவாயில் நின்று கையைத் தூக்கிப் படம் எடுத்தே ஆக வேண்டுமா? தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓட்டுநரையும் நிற்கச் சொல்லிப் பாருங்கள், விருப்பமிருந்தால் நிற்பார். தாண்டியது அவர் அல்லவா?

உங்கள் கருத்து வேறாக இருந்தால், குறிப்பாக நம் வகுப்பு பைக் பிரியர்களுக்கு, சண்டைக்கு நான் தயார்.

பி.கு.: உண்மையாகவே போகிற எண்ணம் இருந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம். விசாவோடு கோர்னோ படக்ஷானுக்குத் தனி அனுமதியும் வேண்டும். எல்லை நிலவரம் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள். தலைவலி வந்தால் வீரம் காட்டாதீர்கள்.